தொட்டிலுக்கு நிபந்தனை எதற்கு?

மதீனாவின் எல்லையில் ஓர் இரவு வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அவர்களுடைய பொருள்களுக்குக் காவலாக, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடனழைத்துக் கொண்டு, கலீஃபா உமர் (ரலி) அவர்களே விழித்திருந்தார்கள். கூடாரம் ஒன்றில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. அதன் தாயிடம் சென்று, இறைவனை அஞ்சிக் குழந்தையைக் கவனிக்கும்படி கூறிவிட்டுத் திரும்பினார்கள். மறுபடியும் அழுகுரல், மறுபடியும் சென்றார்கள். மூன்றாம் முறை சற்றுக் கடிந்தே பேசினார்கள். எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அப்பெண் அப்போது உண்மையைச் சொன்னாள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்பது உமரின் ஆணை. ஆகவே, பிறந்து சில மாதங்களே ஆன தன் பிள்ளைக்கு அவசர அவசரமாகப் பால் மறக்கடிக்கிறாள்!

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா அவர்கள் அழுத அழுகையில், அவர்கள் ஓதியது பின்னால் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். தொழுகை முடிந்ததும் புதிய ஆணை பிறந்தது. பால்குடி மறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு. எல்லா மாநிலங்களுக்கும் இது எழுதி அனுப்பப்பட்டது.

இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் இரக்க உள்ளத்துக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் சொல்லி வருகிறோம். அதில் ஆட்சியியல் பாடம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. முதல் ஆணையும் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் அதனுடன் ஒட்டியிருந்த ஒரே ஒரு நிபந்தனை, ஏழைத் தாயொருத்தியின் மடியில் குழந்தையைக் கதற வைத்தது. கலீஃபா அவர்கள் அத்தாயைத் தண்டிக்கவில்லை. பொறுமையை உபதேசித்து விலகிவிடவுமில்லை. நிபந்தனையை நீக்கினார்கள்.

நம் நாட்டில் தாய்மைப் பேற்றுக்கென இயற்றப்பட்ட சட்டங்களையும் திட்டங்களையும் இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு நிபந்தனை காவல் நிற்கிறது. உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவளே அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறாள்.

மறை வகுத்த முறை

தாய் தளர்ச்சி மேல் தளர்ச்சியாகப் பிள்ளையைச் சுமந்தாள் என்பதை லுக்மான் அத்தியாயம் நினைவூட்டுகிறது. இது நன்றியுணர்வை ஊட்டும் வசனம். ஆனால் திருக்குர்ஆன் நன்றியுணர்வோடு நின்றுவிடவில்லை, சட்டமும் வகுத்தது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் குழந்தையின் தந்தையைச் சார்ந்த பொறுப்பு என்று அல்பகரா அத்தியாயம் வரையறுக்கிறது. மணவிலக்குப் பெற்ற பெண் கருவுற்றிருந்தால், அவள் பிரசவிக்கும்வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்றும், அதன்பின் அவள் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தைத் தர வேண்டும் என்றும் அத்தலாக் அத்தியாயம் கட்டளையிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவன் மனைவி உறவே முறிந்துவிட்ட நிலையிலும் தாய்மைக்குரிய உரிமை முறியவில்லை. அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது ஒன்றே தகுதி. இதனை ஓதி வருகின்ற சமுதாயம், பேறுகாலப் பாதுகாப்புச் சட்டம் என்றவுடன் அது ஏதோ தொழிற்சங்கத்தார் விவகாரம் என்று ஒதுங்கி நிற்பது பொருந்துமா?

சட்டம் நடந்து வந்த பாதை

உலகத் தொழிலாளர் அமைப்பு தோன்றிய 1919-ஆம் ஆண்டிலேயே பேறுகாலப் பாதுகாப்பு பற்றிய உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. இந்தியாவில் முதலில் பம்பாய் மாகாணம் 1929-இல் மகப்பேறு நலச் சட்டம் இயற்றியது. அதற்கான மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928-இல் விவாதிக்கப்பட்டபோது அதனை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர். அன்று அவர் முன்வைத்த கருத்து இன்றும் எண்ணத்தக்கது. பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அச்சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை. அரசு அதனை ஏற்காத நிலையில், அப்பெண்ணின் உழைப்பால் பயன் பெறும் முதலாளி ஏற்கட்டும் என்பது அவருடைய வாதம். சென்னை மாகாணத்தில் 1934-இல் இத்தகைய சட்டம் வந்தது.

நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் மகப்பேறு மருத்துவரான டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922-இலேயே சட்டசபையில் இடம் பெற்றார். 1938-இல் நாட்டின் மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார். சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்ட மேலவைக்குள் நுழைந்தார். பிரசவ அறையைக் கண்ணால் கண்டவர்கள் சட்டமன்றத்திலும் அமர்ந்தது இரு நாடுகளுக்கும் கிடைத்த நற்பேறு.

சுதந்திர இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே முறையைத் தந்தது. 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தின் விதிகள் இப்போது அதன் ஆறாம் அத்தியாயத்தில் இடம் பெற்றுள்ளன.

அவ்விதிகளுள் சிலவற்றை நம் இல்லங்களில் உள்ள பெண்கள் அறிந்திருத்தல் நலம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் எந்தப் பெண்ணையும் வேலையில் அமர்த்தக் கூடாது. விடுப்பில் இருக்கும் காலத்தில் அவளை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். பிரசவத்துக்கு முற்பட்ட காலத்துக்குரிய தொகையை முன்னதாகவே தர வேண்டும். எஞ்சியதைக் குழந்தை பிறந்ததற்கான சான்று அளித்த 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ‘எனக்கு இவை வேண்டாம்’ என்று முன்கூட்டி எழுதி வாங்கிக் கொண்டாலும் அந்த எழுத்து செல்லாது.

முதல் நிபந்தனை: வேலையிடம்

இத்தனை நன்மைகளும் யாருக்கு? தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடைகள், நிறுவனங்களில் உள்ளவர்களுக்கும். அதிலும், பிரசவ நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

நம் குழித்துறை, மார்த்தாண்டம் சுற்று வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். முந்திரி ஆலைகளில், நம் பக்கத்து வழக்கில் சொன்னால் அண்டி ஆபீஸ்களில், சாதி மத வேறுபாடின்றிப் பல்லாயிரம் பெண்கள் உழைத்து வருகிறார்கள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். ஆலையின் பதிவேட்டில் பெயர் ஏறி, இ.எஸ்.ஐ. அட்டையும் பெற்றவள் ஒருவாறு பாதுகாப்பாக இருக்கிறாள். அவளுக்குரிய பேறுகால ஊதியத்தை ஈட்டுறுதி நிதியே தந்துவிடும். ஆலை வேலை தராமல் நிறுத்தி வைத்த நாள்களும் மேற்சொன்ன 80 நாள் கணக்கில் சேரும் என்பது சட்டம்.

ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாதவள் என்ன செய்வாள்? பருப்பை வீட்டுக்கு வாங்கி வந்து தோல் உரித்துக் கொடுப்பவள், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள், தையல் இயந்திரத்தோடு தனியே உழைப்பவள் ஆகியோர் எங்கே நிற்பார்கள்? இந்நாட்டில் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகையவர்களே. பிரசவத்திற்கு முதல் நாள் வரை குனிந்து வேலை செய்துவிட்டு, நாற்பது நாள் நிறைவதற்கு முன்பே மீண்டும் வேலைக்குப் புறப்படுபவளும் இவளே.

தில்லி மாநகராட்சியில் தினக்கூலியாகச் சாலை வேலை செய்து வந்த பெண்கள், நிரந்தரப் பணியாளர் அல்லர் என்ற காரணம் காட்டி மகப்பேற்று உரிமை மறுக்கப்பட்டபோது வழக்காடினார்கள். 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தினக்கூலி என்பதால் தாய்மையின் வேதனை குறைந்துவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். எனினும், வேலை கொடுத்தவர் யாரென்று சுட்டிக்காட்ட முடியாத பெண்ணுக்கு அத்தீர்ப்பும் எட்டவில்லை.

இரண்டாம் நிபந்தனை: எண்ணிக்கை

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 மிக உயர்ந்த ஒன்றைச் செய்தது. அரசு ஊழியர் போன்று வேறு வழியில் இப்பயனைப் பெறுவோர் நீங்கலாக, கருவுற்ற, பாலூட்டும் தாய் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி உண்டு என்று விதித்தது. எத்தனையாவது குழந்தை என்று அச்சட்டம் கேட்கவில்லை. ஆனால் அதனைச் செயல்படுத்த 2017-இல் வந்த பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்றது. பின்னர், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் என்று சேர்த்துக் கொண்டது. சட்டம் ‘ஒவ்வொரு தாய்க்கும்’ என்றது. திட்டம் எண்ணத் தொடங்கிவிட்டது!

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இதனினும் தாராளமானது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என வளர்ந்தது. அதில் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ளவை ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வகுக்கப்பட்டன. இதுவும் பொதுவாக முதல் இரண்டு பிரசவங்களுக்கே; தாய்க்கு 19 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

சிறுகுடும்பத்தை ஊக்குவிப்பது அரசின் கொள்கை என்பர். கொள்கை பற்றி விவாதிப்பது வேறு. வயிற்றில் வளரும் குழந்தையின் பங்கைக் குறைப்பது வேறு. மூன்றாவதாகக் கருவுற்றவள் எல்லாச் சமுதாயத்து ஏழை வீடுகளிலும் இருக்கிறாள். முன்னிரண்டு பேறுகளில் உடல் தளர்ந்து, இரத்தசோகையோடு நிற்பவள் பல நேரங்களில் அவளே.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. முதல் மணத்தில் இரு குழந்தைகள் பிறந்திருந்த அவர், மணவிலக்குக்குப் பின் 2018-இல் மறுமணம் செய்து கொண்டார். மறுமணத்தில் கருவுற்று, 2021-இல் மகப்பேறு விடுப்புக் கோரியபோது, ஏற்கெனவே இரு குழந்தைகள் உண்டென்று கூறி மறுக்கப்பட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பைத் தள்ளியது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்றும், மக்கள்தொகைக் கட்டுப்பாடும் தாய்மைப் பாதுகாப்பும் ஒன்றையொன்று அழிக்கும் நோக்கங்கள் அல்ல என்றும் நீதிமன்றம் விளக்கியது. விதவை மறுமணத்தையும் மணவிலக்குப் பெற்றவளின் மறுவாழ்வையும் ஊக்குவிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இத்தீர்ப்பின் அருமை எளிதில் விளங்கும்.

வயது நிபந்தனையைப் பொறுத்தவரை பழி அரசின் மீது மட்டும் இல்லை. படிப்பை நிறுத்திப் பெண்ணை இளவயதில் மணமுடித்துக் கொடுப்பவர்கள் நாம். அதன் ஆபத்தைப் பிரசவ அறையில் தனியே சந்திப்பவள் அவள். அந்தத் திருமணத்தைத் தடுத்து நிறுத்தும் கடமை ஜமாஅத்துக்கும் பெற்றோருக்கும் உரியது.

மூன்றாம் நிபந்தனை: காகிதம்

2009-ஆம் ஆண்டு மே மாதம் தில்லி ஜங்புரா பகுதியில், வீடு வாசலற்ற முஸ்லிம் பெண்ணொருத்தி மரத்தடியில், பலர் பார்க்கும் பொதுவிடத்தில், குழந்தை பெற்றாள். அப்பகுதியில் மாநகராட்சியின் மகப்பேறு இல்லம் இல்லாமலில்லை. ஏழைகளுக்கான திட்டங்களும் இருந்தன. தான் ஏழை என்பதை நிலைநாட்டும் அட்டைதான் அவளிடம் இல்லை! அவளுடைய தாயார் உயர் நீதிமன்றத்தை அணுகினார். அதே காலத்தில் உரிய கவனிப்பின்றிப் பிரசவத்தில் இறந்துபோன மற்றொரு ஏழைப் பெண்ணின் வழக்கும் இதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. 2010 ஜூன் 4 அன்று நீதிபதி முரளிதர், உயிர் வாழும் உரிமையில் தாயின் பேறுகால நலனும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்கச் செய்தார். ஓர் ஊரில் தகுதி பெற்றவள் மற்றோர் ஊருக்குச் சென்றதால் தகுதியை இழந்துவிடக் கூடாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

2011 ஜூன் முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், அறுவைச் சிகிச்சையும், மருந்தும், இரத்தமும், உணவும், போக்குவரத்தும் கட்டணமின்றித் தரும் திட்டம் நாடெங்கும் வந்தது. நல்ல திட்டம், மறுப்பாரில்லை. ஆனால் திட்டத்துக்கும் சட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. திட்டத்தை ஓர் அரசாணை மாற்றிவிடலாம். சட்டத்தைக் காட்டி நீதி கேட்கலாம். ராஜஸ்தான் மாநிலம் 2023-இல் மருத்துவம் பெறும் உரிமையைச் சட்டமாகவே இயற்றி, அவசர நிலையில் முன்பணம் கேட்காமல் சிகிச்சையளிக்க வேண்டும் என்று விதித்தது. பிற மாநிலங்களும் பின்பற்றத்தக்க வழி இது.

கணக்கு காட்டும் உண்மை

சட்டமும் திட்டமும் பயனற்றவை என்று சொல்வது நம் கருத்தன்று. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97. அஸ்ஸாமில் 195, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஒரே நாட்டின் ஒரே அரசியல் சட்டத்தின் கீழ், அஸ்ஸாமியத் தாய்க்குள்ள ஆபத்து கேரளத் தாய்க்குள்ளதைப் போல் பத்து மடங்கு! களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் மாநிலச் சராசரி மூன்றில் ஒரு பங்காகிறது என்பதை, அந்த எல்லையை அன்றாடம் கடந்து போகும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை விதியென்று தள்ளிவிட இயலாது; மனிதர் செய்ததும் செய்யத் தவறியதுமே அதற்குக் காரணம்.

செல்வம் மட்டுமே இதனைத் தீர்த்துவிடாது என்பதற்கு அமெரிக்கா சான்று. 2021-இல் அங்கே கறுப்பினத் தாய்மாரின் இறப்பு விகிதம் வெள்ளையினத் தாய்மாருடையதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்புறுதி பிரசவத்துக்குப் பின் 60 நாளில் முடிந்துவிடுவது அங்கு நெடுங்காலக் குறையாக இருந்தது. அதனை ஓராண்டு வரை நீட்டித்துக் கொள்ள மாநிலங்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அங்கும் செய்ய வேண்டியிருந்தது, ஒரு நிபந்தனையைத் தளர்த்துவதே.

சுமை யாருடையது?

விடுப்பை நீட்டினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற வாதம் எழுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே முழுச் செலவும் ஒரே முதலாளியின் தலையில் விழுகிறது. சிறு கடைக்காரர் தயங்குவது இயல்பே. அதற்குப் பரிகாரம் உரிமையைக் குறைப்பதன்று. சுமையைப் பகிர்ந்து கொள்வது. அம்பேத்கர் சொன்னதும் அதுவே. உமர் (ரலி) அவர்கள் உதவித்தொகையை எந்த வணிகரிடமும் கேட்கவில்லை, பைத்துல்மாலிலிருந்து கொடுத்தார்கள். பிறக்கும் குழந்தை எல்லோருக்கும் உரியதானால், அதன் செலவும் எல்லோருக்கும் உரியதே. வேலையிடம், எண்ணிக்கை, காகிதம் என்ற மூன்று காவலர்களையும் விலக்கி, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பொது நிதியிலிருந்து ஒரே உதவி என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லை முழுமையாக நிறைவேற்றுமாறு நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம். வாக்குக் கேட்டு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்றாகட்டும்.

மஹல்லாவில் செய்ய வேண்டியவை

சட்டம் திருந்தும்வரை கைகட்டி இருப்பது முறையன்று. கருவுற்றது தெரிந்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்வதில் தாமதம் வேண்டாம். பல உதவிகளின் வாசல் அந்தப் பதிவிலேயே திறக்கிறது. வங்கிக் கணக்கு அப்பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். ஆலையில் வேலை செய்பவள் தன் பெயர் பதிவேட்டில் உள்ளதா, இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று இன்றே கேட்டறியட்டும். வீட்டு வேலை, தையல் முதலிய தொழில் செய்பவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்து கொண்டால், மகப்பேறு உதவிக்கு அங்கும் வழியுண்டு.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த பெண்கள் இருவர் முன்வந்து, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் பணியை ஏற்றுக் கொள்ளலாம். எந்த நிபந்தனையாலோ விலக்கப்பட்ட தாய்க்கு, மஹல்லா பைத்துல்மாலிலிருந்து சத்துணவுக்கும் மருத்துவச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். கணவர் வளைகுடாவில் இருக்க, இங்கே தனித்திருக்கும் கர்ப்பிணியை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்து வைக்கலாம். வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் கட்டட வேலை செய்யும் குடும்பத்துப் பெண்ணும் இதில் அடங்குவாள். அவள் மதம் எதுவாயினும் அவள் நம் அண்டை வீட்டாள். மொழி தெரியாத ஊரில் எந்த வாசலைத் தட்டுவதென்றே அறியாதவள் அவள்.

இறைநம்பிக்கையுள்ள பெண்ணொருத்தி பிரசவ வேதனையில் தனித்திருந்ததைத் திருக்குர்ஆன் மர்யம் அத்தியாயத்தில் நமக்குக் காட்டுகிறது. அவர்களுக்குக் காலடியில் நீரும், தலைக்கு மேல் பழமும் கிடைத்தன. எந்தச் சான்றிதழும் கேட்கப்படவில்லை. படைத்தவன் நிபந்தனையின்றிக் கொடுத்த இடத்தில், படைப்பினங்களாகிய நாம் நிபந்தனைகளை அடுக்கிக் கொண்டிருக்கிறோம்.

தாய்மார்களின் உயிரையும் மானத்தையும் காக்கும் நல்ல சட்டங்கள் இந்நாட்டில் நிறைவு பெறவும், அதற்காகக் குரல் கொடுக்கும் துணிவையும், அதுவரை கைகொடுக்கும் இரக்கத்தையும் நாம் பெறவும் வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.